இடதுபக்கத்துக் குமிழிகள்

ஆபீசில் அவனுக்குப் பெருக்கல் என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆயிற்று. ஒன்றை எழுதி, அதை நூறாக்கி, ஆயிரமாக்கித் திரையில் பறக்கவிடுவது அவன் வேலை. அதனால் வந்த பெயர். ஆபீசைக் கூட்டிப் பெருக்க வரும் அம்மாள் மட்டும், "நானும் பெருக்கல்தான், நீயும் பெருக்கல்தான். உனக்கு மட்டும் ஏன் சுத்துற நாற்காலி?" என்று சண்டைக்கு வருவாள். அவன் எழுந்து நாற்காலியைக் காட்டுவான். அவள் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள்.

கம்பெனி ரொம்பச் சின்னது. ஒரே மாடி, நெருக்கிப் போட்ட மேஜைகள், எப்போதும் கசிகிற ஒரு தண்ணீர் கேன். சோப்பு விற்கிறவர்களுக்கும் பிஸ்கட் விற்கிறவர்களுக்கும் விளம்பர விளையாட்டுகள் செய்து கொடுப்பது தொழில். போனில் திறந்தால் மேலிருந்து பிஸ்கட் கொட்டும். கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. செய்கிறவனுக்குத்தான் பாடு தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் கேன்வாஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது வெறும் பலகை. அதற்கு ஞாபகசக்தி கிடையாது. நொடிக்கு அறுபது தடவை அதைத் துடைத்துவிட்டு, அறுபது தடவை எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும். எந்த பிஸ்கட் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாக விழுகிறது, எது கூடைக்குள் போய்விட்டது என்பதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வது எழுதுகிறவன் தலையெழுத்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சோப்புக் கம்பெனிக்காகக் குமிழி விளையாட்டு செய்தான். திரையின் அடியிலிருந்து நூறு குமிழிகள் கிளம்ப வேண்டும். விரலால் தொட்டால் தொட்டது மட்டும் உடைய வேண்டும். இவன் ஒரே ஒரு குமிழியை உண்டாக்கி, அதையே நூறு தடவை பட்டியலில் சேர்த்து வைத்துவிட்டான். முதலாளி தொட்டுப் பார்த்தார். நூறும் ஒரே நேரத்தில் பட்டென்று போய்விட்டன. "இது சோப்பு விளம்பரமா, வெடிகுண்டு விளம்பரமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். பெருக்கல் அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

"என்னடா, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்ற?" என்றாள் அக்கா.

அக்கா ரெடிமேட் துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே அட்டையை வைத்துக் கோடு கிழித்து, நின்றவாக்கில் ஓடும் கத்தி மெஷினைத் தள்ளிக்கொண்டே போவாள். ஒரு ஓட்டத்தில் அத்தனை அடுக்கும் சட்டைக் கையாக விழும். அந்த மேஜையைச் சுற்றி இருந்த ஆண்களெல்லாம் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளிடம் பெருக்கல் தன் கஷ்டத்தை அவள் பாஷையிலேயே சொன்னான்.

"அட்டை ஒண்ணு இருக்குல்லக்கா? அதை வச்சு நூறு சட்டை வெட்டணும். நான் ஒரே ஒரு சட்டையை வெட்டிட்டு, அதையே நூறு தடவை எண்ணி, நூறு சட்டைன்னு எழுதிட்டேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அப்ப ஒருத்தன் மேல டீ கொட்டுச்சுன்னா நூறு பேர் சட்டையும் கறையாகும், அப்படித்தானே?"

"அதேதான்க்கா ஆச்சு."

"துணியில கஞ்சத்தனம் பண்ணாதடா. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் போடு."

மறுநாள் அவன் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றை உண்டாக்கும்படி மாற்றினான். ஒவ்வொரு குமிழிக்கும் தனி இடம், தனி அளவு, தனி வேகம். ஒன்று உடைந்தால் மற்றவை பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலிருந்தால் அதுதான் பாராட்டு.

அம்மாவும் அப்பாவும் போனபோது பெருக்கலுக்குப் பால் பல் விழவில்லை. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "இவனையும் சேர்த்துத்தான்" என்று அவள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சேர்த்து வாங்க யாருக்கும் மனசில்லை. அப்புறம் அவளும் அதை விட்டுவிட்டாள். துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் பெண்ணாகப் போய்ச் சேர்ந்து, கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற மாஸ்டர்களுக்கு நடுவே தானும் மாஸ்டரானாள். தம்பியைப் படிக்க வைத்தாள். அவன் முதல் கம்ப்யூட்டருக்கு உறை தைத்தவளும் அவள்தான். அதைப் போட்டால் கம்ப்யூட்டருக்குப் புழுங்கும் என்று அவன் சொல்லவே இல்லை. அவள் வேலைக்குப் போனதும் கழற்றுவான், வருவதற்குள் மாட்டிவிடுவான்.

இந்தச் சின்ன ஏமாற்று வேலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் முகம் வாடுவதைப் பார்க்கிற தெம்பு அவனுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

ஒரு நாள் வெட்டும் மேஜையில் நின்றுகொண்டிருந்தபோதே அக்கா சரிந்துவிட்டாள். மெஷினை யாரோ ஓடிவந்து நிறுத்தினார்கள். மூளையின் வலதுபக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிர் பிழைத்தாள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இடது கை மட்டும் மடியில் கிடந்தது. பெருக்கலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

வீட்டுக்கு வந்த அன்றைக்குத் தட்டில் சாப்பாடு வைத்தான். அவள் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைடா, பசிக்குது" என்றாள். இடது பாதி அப்படியே இருந்தது. அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தான். தலை வாரியபோது வலதுபக்கம் மட்டும் வாரினாள். அவன் அவளுக்கு இடதுபுறமாக நின்று "அக்கா" என்று கூப்பிட்டால், அவள் வலதுபக்கம் திரும்பி, அங்கே இருந்த பீரோவைப் பார்த்து, "என்னடா?" என்றாள். 

அக்காவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். காதிலும் இல்லை. இடதுபக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவள் மூளை கைவிட்டுவிட்டது. இல்லாத ஒன்றைக் காணோம் என்று யாராவது தேடுவார்களா? அவளும் தேடவில்லை. அவளைப் பொறுத்தவரை தட்டு காலி, தலை வாரியாயிற்று, தம்பி வலதுபக்கத்தில் எங்கேயோ நிற்கிறான்.

அவன் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தான். அவள் பாதி சாப்பிட்டதும் தட்டைச் சத்தமில்லாமல் அரைவட்டம் திருப்பி வைப்பான். அவள் அதை அடுத்த தடவை பரிமாறியதாக நினைத்துச் சாப்பிடுவாள். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி, மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வருகிறவள். ஆனாலும் குரலில் அதட்டலுக்குக் குறைவில்லை.

"தட்டைத் திருப்பாதீங்க சார். அவங்க தலையத் திருப்பட்டும்."

"பசியோட உக்காந்திருக்காங்களே."

"பசிச்சாத்தான் தேடுவாங்க. தேடினாத்தான் மூளை அந்தப் பக்கத்துக்குத் திரும்பப் போகும். நீங்க கம்ப்யூட்டர் கேம் செய்றவராமே? இடதுபக்கம் பார்க்க வைக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன்."

அதைவிட அவனுக்கு வேறென்ன வேண்டும்? இத்தனை வருஷம் ஊரானுக்குச் சோப்பு விற்றுக் கொடுத்த வித்தை இப்போதாவது வீட்டுக்கு உதவுகிறதே என்று ஒரே மூச்சில் எழுதினான். குமிழி என்று ஒரு அட்டை. கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து புதிதாக ஒன்று பிறக்கும். திரையின் அகலத்தில் எங்கே பிறக்கும் என்பது குருட்டாம்போக்கு. இடது ஓரமாகவும் இருக்கலாம், வலது ஓரமாகவும் இருக்கலாம். பிறந்தது பட்டியலில் சேரும், மெல்ல மேலே ஏறும், தொட்டால் உடைந்து பட்டியலிலிருந்து நீங்கும். சோப்புக் கம்பெனி விளையாட்டேதான்; ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு குமிழிக்கும் அக்காவின் கம்பெனித் துணிகளின் நிறம் கொடுத்திருந்தான்.

பெரிய தொடுதிரை ஒன்றை அவள் மடிக்கு நேராக வைத்தான். அவள் ஆசையாக விளையாடினாள். கொஞ்ச நேரத்தில், "என்னடா உன் மெஷின், நொண்டுது?" என்றாள். வந்து பார்த்தான். அவசரத்தில் ஒன்றை மறந்திருந்தான்: தொடாமல் விட்ட குமிழிகளைத் திரையின் உச்சியில் அழிக்க வேண்டும். அழிக்காததால் அவை உச்சியில் போய் முட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, இடது பாதி முழுவதும் கூட்ட நேரத்துப் பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அத்தனையையும் நொடிக்கு அறுபது தடவை வரைந்து வரைந்து கம்ப்யூட்டர் தள்ளாடியது. வலது பாதி துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

"அக்கா, இங்க எவ்வளவு நிக்குது பாரு."

"எங்கடா? எல்லாத்தையும் உடைச்சுட்டேனே. காலியாத்தானே இருக்கு."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பொய் சொல்லவில்லை. அத்தனை நிறமும் அவள் கண்ணுக்கு எதிரேதான் நின்றது. அவளுக்கு மட்டும் அங்கே ஒன்றும் இல்லை. அவன் உச்சிக்குப் போனவை அழியும்படி மாற்றிவிட்டு, அவளுக்குத் தெரிகிற வலது மூலையில் மார்க் வரும்படி வைத்தான். நூற்றுக்கு எத்தனை பிடித்தாள் என்று.

பாதிதான் வந்தது. தினமும் பாதி.

பிசியோ பெண் பிரசவ விடுப்பில் போவதற்கு முன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேம்ல முழு மார்க் வாங்குங்கக்கா. அப்புறம் கடை கண்ணிக்கு நீங்களே தனியாப் போகலாம். அதுவரைக்கும் யாராவது கூட வரணும், சரியா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அந்த வார்த்தையை முடிந்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு ஆசை ஒன்றுமில்லை. யார் கையையும் பிடிக்காமல் வாசற்படி இறங்க வேண்டும். தெருவைத் தாண்டி எதிரே இருக்கிற பட்டன் கடைக்குப் போக வேண்டும். அது முடிந்தால் பஸ் ஏறலாம். பஸ் ஏறினால் வெட்டும் மேஜைக்குப் போகலாம். இவ்வளவுதான் அவள் கணக்கு.

மாற்று ஆள் வருவார் என்றார்கள், வரவில்லை. வீட்டில் அக்காவும் குமிழிகளும்தான். பெருக்கல் ஆபீசுக்குப் போகும்போது கீழ்வீட்டம்மா வந்து உட்கார்ந்துகொள்வாள். அக்கா நாளெல்லாம் விளையாடினாள். ஒன்று விடாமல் பிடித்ததாகத்தான் அவளுக்குத் தெரியும்; ஆனால் மூலையில் பாதி மார்க் நிற்கும். இதைவிடப் பெரிய அவமானம் உண்டா, சொல்லுங்கள். முழுவதும் செய்து முடித்தவளைப் பாதிதான் செய்தாய் என்று ஒரு கண்ணாடித் தகடு சொல்லிக்கொண்டே இருந்தது. அதுவும் யாரை? ஒரு நூல் பிசகாமல் வெட்டிய மாஸ்டரை.

ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாடா?"

"என்னக்கா பேச்சு இது?"

"நான் எல்லாத்தையும்தான் பிடிக்கிறேன். மிச்சம் எங்கடா இருக்கு? யாரைக் கேட்டாலும் இடதுபக்கம் பாரு, இடதுபக்கம் பாருங்கிறீங்க. பாத்துட்டுத்தானே இருக்கேன். இல்லாததை நான் எங்க போய்ப் பாப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். அம்மா அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அழாமல் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவளுடைய வலது கண்ணை மட்டும் அவள் துடைத்துக்கொண்டாள். இடது கண்ணீர் தாடைவரை இறங்கி நின்றது. அதை அவன்தான் துடைத்துவிட்டான்.

அதற்கப்புறம் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, ஒரே ஒரு வரியை மாற்றினான். குமிழி எங்கே பிறக்கும் என்கிற வரி. 'அகலத்தில் எங்கே வேண்டுமானாலும்' என்று இருந்ததை, 'பாதிக்கு வலதுபக்கம் எங்கே வேண்டுமானாலும்' என்று ஆக்கினான். இன்றைக்கு மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இன்றைக்கு மட்டும் அவள் சாப்பிட்டால் போதும்.

"சின்னதா ஒரு கோளாறு இருந்துச்சுக்கா. சரி பண்ணிட்டேன். இப்ப விளையாடு."

மார்க் ஏறியது. தொண்ணூறைத் தாண்டியது. கடைசிக் குமிழியை அவள் ஆள்காட்டி விரலால் குத்தியபோது நூறு என்று வந்தது. "பாத்தியா! பாத்தியாடா! மெஷின்ல கோளாறை வச்சுக்கிட்டு என்னைப் போட்டுப் படுத்தியிருக்க!" என்று அவன் முதுகில் ஒரு அறை வைத்தாள். பழைய அக்கா, மெஷின் தள்ளுகிற கை. இரண்டு தடவை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவன் தட்டைத் திருப்பி வைத்தான்.

அவன் முட்டாள் இல்லை. செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும். மறுநாளே எல்லையை ஒரு விரல்கடை இடதுபுறம் நகர்த்தினான். கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு போனால் அவள் தலை தானாகத் திரும்பிவிடும் என்று ஒரு திட்டம் வைத்திருந்தான். நல்ல திட்டம்தான். ஆனால் மார்க் கொஞ்சம் இறங்கியதும் அவள் உதடு துடித்தது. அவன் கை தானாகவே வரியைப் பழையபடி மாற்றியது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அடுத்த வாரம் ஆபீசில் பிஸ்கட் மழை அவசரம். அப்புறம் வேறொன்று. இப்படியே ஒரு பொய் வீட்டில் குடித்தனம் வைத்துக்கொண்டது. அக்கா தேறினாள், பாடினாள், கீழ்வீட்டம்மாவிடம் வம்பு பேசினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவது அவனுக்கும் பழகிவிட்டது. கோழை என்று திட்டத் தோன்றுகிறது. திட்டவும் மனசு வரவில்லை.

அவர்கள் வீட்டுத் தெரு ஒருவழிப் பாதை. வாசலில் இறங்கி நின்றால் வண்டிகளெல்லாம் இடதுகைப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அன்றைக்கு வெளிச்சமான முற்பகல். பெருக்கல் போட்டுக்கொண்டு போன சட்டையில் ஒரு பட்டன் அறுந்திருந்ததை அக்கா கவனித்திருக்கிறாள். சட்டைக் கையின் பட்டியில், அவளுக்கு வலதுபுறமாகத் தெரிகிற கையில். அவன் போனதும் கீழ்வீட்டம்மாவை உட்கார வைத்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினாள். நூறு வந்தது. "பிசியோ பொண்ணு சொல்லிட்டுப் போனதுதான். முழு மார்க் வாங்கினா நானே போகலாம். நீங்க வாசல் கேட் வரைக்கும் வந்து நில்லுங்க, போதும்" என்றாள். கீழ்வீட்டம்மா தன் கண்ணாலேயே பார்த்த மார்க். அவளுக்கென்ன தெரியும்? கேட்டில் வந்து நின்றாள்.

ஆபீசில் போன் வந்தபோது பெருக்கல் பிஸ்கட்டுகளை எண்ணி எண்ணி உதிர்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் கீழ்வீட்டம்மா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹாரன் அடிச்சான் தம்பி. சாமான் ஏத்துற வண்டிதான். நல்லா அடிச்சான், பொய் சொல்லக் கூடாது. அக்காவும் சத்தம் கேட்டு நின்னுச்சு. நின்னு, வலதுபக்கம் திரும்பிப் பாத்துச்சு. அங்க ஒண்ணும் வரல. அப்புறம் தைரியமா கால எடுத்து வச்சுச்சு. நான் கத்துறதுக்குள்ள... ஏன் தம்பி அந்தப் பக்கம் பாத்துச்சு? முழு மார்க் வாங்குச்சே தம்பி, நான்தான் பாத்தேனே?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். வயசும் பழைய நோயும் சேர்ந்துகொண்டதால் இனி நடப்பது சந்தேகம்தான் என்றார்கள். படுக்கையிலேயே வீட்டுக்கு வந்தாள். வண்டிக்காரன்மேல் அவளுக்குக் கோபம். "எங்க இருந்துடா வந்தான் அவன்? தரையப் பிளந்துக்கிட்டு வந்தானா?" என்று கேட்டாள். பிறகு ஒரு தாளில் மடித்த பட்டனைத் தேடச் சொன்னாள். கடைக்குப் போய்ச் சேரவே இல்லை, பட்டன் வாங்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? பெருக்கல் எதிர்க்கடைக்குப் போய் ஒரு பட்டன் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தான். "இதான், இதேதான்" என்றாள்.

விடுப்பு முடிந்து பிசியோ பெண் வந்தாள். மாடிப்படியிலேயே அவளை நிறுத்தி, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். எந்த வரி, என்ன மாற்றினான், எத்தனை நாள் விட்டுவைத்தான் என்று. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் படியில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள்.

"தட்டைத் திருப்பாதீங்கன்னு சொன்னேனே சார்."

பையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"சொல்லித்தான் ஆகணும். கால் போச்சுன்னு விட்டுட முடியாது, இடதுபக்கத்தையாவது மீட்கணும்ல? தனக்கு ஒரு குறையும் இல்ல, எல்லாம் சரியாயிடுச்சுன்னு அவங்க நம்பிட்டு இருக்கிற வரைக்கும் தலையத் திருப்பவே மாட்டாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லணும்."

ஆபீசில் அவன் இப்போதும் பெருக்கல்தான். பிஸ்கட்டும் சோப்பும் நாணயமுமாகப் பிறக்க வைக்கிறான். அந்த ஒரு வரி வரும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது. எங்கே பிறக்க வேண்டும் என்கிற வரி. பக்கத்து மேஜைப் பையனிடம், "இதை மட்டும் நீ எழுதிடு" என்பான். கூட்டுகிற அம்மாள் சண்டைக்கு வருவதில்லை. அவள் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தாள். அவன் கேட்காமலே டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று பெருக்கல் அக்காவின் அறைக்குள் போனான். அவளுடைய வலதுபக்கம் ஒரு நாற்காலி எப்போதும் போட்டிருக்கும். அதுதான் அவன் இடம். அன்றைக்கு அதில் உட்காரத் துணிச்சல் வரவில்லை. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது. கட்டிலுக்கு இடதுபக்கம், சுவரோரமாக ஒரு முக்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தான். அங்கே அவன் இருப்பது அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவன் அழுததெல்லாம் அங்கே உட்கார்ந்துதான். வாயைப் பொத்திக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில்.

"அக்கா" என்றான். "அந்த கேம் இருக்குல்ல அக்கா. அதுல நான்..."

மேற்கொண்டு வரவில்லை. வார்த்தைக்குப் பதிலாகக் கேவல்தான் வந்தது. இந்தத் தடவை பொத்திக்கொள்ள முடியவில்லை.

அக்கா திடுக்கிட்டாள். தலையைச் சட்டென்று திருப்பினாள். வலதுபக்கம். காலி நாற்காலியைப் பார்த்து, "ஏன்டா? என்னடா ஆச்சு?" என்றாள். அவன் அழுகை நிற்கவில்லை. அவள் வலது கையை நீட்டி, நாற்காலியின் முதுகைத் தடவினாள். அவன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள் போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கீழே தேடினாள்.

"எனக்காகவா அழுவுற? பைத்தியம். நான் எழுந்து நடந்துருவேன்டா. யாருன்னு நினைச்ச என்னை? முழு மார்க் வாங்கினவடா நான். எங்கடா உன் தலை?"

அந்தக் கை காற்றில் துழாவிக்கொண்டே இருந்தது. பெருக்கல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கிருக்கிறேன் அக்கா, இடதுபக்கம், தலையைத் திருப்பு, கொஞ்சம் தேடு என்று சொல்லியிருக்க வேண்டும். பிசியோ பெண் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். அவன் எழுந்தான். கட்டிலைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கைக்கு அடியில் தலையைக் கொடுத்தான்.

"என்னமோ கேம்னு ஆரம்பிச்சியே, என்னடா?" என்று அவன் முடியைக் கோதியபடி கேட்டாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா" என்றான்.